தெளிந்த நீரும் தேடி வரும் சிறகுகளும்

பெங்களூருவின் வடபுறத்தில், விமானப் பயிற்சித் தளத்தை அடுத்து, ஏறத்தாழ 160 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது ஜக்கூர் ஏரி. மார்கழி, தை மாதக் காலைகளில் பனிமூட்டம் விலகும்போது, கூழைக்கடாக்களும் நாமக்கோழிகளும் நீந்தும் நீர்ப்பரப்பில் வேற்றூர்க்காரர் சிலரையும் காணலாம். கரண்டி போன்ற அகன்ற அலகை நீரில் அமிழ்த்தியவாறே முன்னேறும் தட்டைவாயன் வாத்து அவர்களுள் ஒருவர். அதன் அலகின் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. வாய்க்குள் புகும் நீரை அத்தகடுகள் வடிகட்டி வெளியேற்ற, நுண்ணுயிர்களும் விதைகளும் உணவாகத் தங்கிவிடும். மத்திய ஆசியா, சைபீரியா ஆகிய பகுதிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை இது.

இவ்வளவு தொலைவு பறந்து வந்து இப்பறவை வடிகட்டும் நீர் எத்தகையது? ஜக்கூர் ஏரிக்கு ஆண்டு முழுவதும் வந்து சேரும் நீரில் பெரும்பகுதி மழைநீர் அன்று. நகரத்தார் குளித்தும் துவைத்தும் பாத்திரம் கழுவியும் வெளியேற்றிய நீரே சுத்திகரிக்கப்பட்டு இங்கு விடப்படுகிறது. ஏரியை ஒட்டி அமைந்துள்ள நிலையம் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டரைச் சுத்திகரித்தது. பின்னர் அதன் திறன் 1.5 கோடி லிட்டராக உயர்த்தப்பட்டது. கோடையிலும் ஏரி வற்றாதிருப்பதற்கு இதுவே காரணம்.

பெங்களூருவுக்கு ஆறில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தின் முதுகில் அமர்ந்திருக்கும் நகரம் இது. மழைநீர் நாலாபுறமும் வழிந்தோடிவிடும் என்பதை உணர்ந்த முன்னோர், சரிவுகளில் ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டினர். மேலேரியின் கலிங்கு வழிந்தால் ‘ராஜகாலுவே’ எனப்படும் பெருங்கால்வாய் அதைக் கீழேரிக்குக் கொண்டு சேர்க்கும். தமிழ்நாட்டின் ஏரிச் சங்கிலிகளை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதன்று. குழாய்நீர் வந்த பிறகு ஏரிகளின் மதிப்புக் குறைந்தது. பல தூர்க்கப்பட்டன. எஞ்சியவை கழிவுநீர்க் குட்டைகளாயின.

இன்று நகரின் குடிநீரில் பெரும்பங்கு காவிரியிலிருந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்துக்கு விசைப்பொறிகளால் ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், முன்பே வந்துகொண்டிருந்த 145 கோடி லிட்டருடன் நாள்தோறும் மேலும் 77.5 கோடி லிட்டரைச் சேர்ப்பதற்காக வகுக்கப்பட்டது. குழாயில் வரும் நீரில் எண்பது விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. ஆகவே காவிரியிலிருந்து கூடுதலாக ஏற்றப்படும் ஒவ்வொரு குடம் நீரும் ஏறத்தாழ முக்கால் குடம் கழிவுநீராக ஏதேனும் ஓர் ஏரியை நோக்கி இறங்குகிறது.

நுரையும் நெருப்பும்

இறங்கிய நீர் சுத்திகரிக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை நாடு முழுவதும் கண்டது. நகரின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூரின் மேற்பரப்பு 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்தது. அதற்கடுத்த வர்த்தூர் ஏரியின் வழிவாயிலில் வெண்ணுரை மலைபோல் எழுந்து சாலைகளில் பறந்தது. சலவைத்தூளிலும் பாத்திரம் துலக்கும் திரவங்களிலும் உள்ள நுரைப்பொருள்கள் வறண்ட மாதங்களில் ஏரியடிச் சேற்றில் படிந்து சேர்கின்றன என்றும், மழைவெள்ளம் அச்சேற்றைக் கலக்கும்போது அவை ஒருங்கே வெளிப்பட்டு நுரைக்கின்றன என்றும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர்.

இது கர்நாடகத்தோடு முடிந்துவிடும் கதையன்று. வர்த்தூரைக் கடந்த நீர் தட்சிண பினாகினியில் கலந்து, தமிழக எல்லைக்குள் தென்பெண்ணையாக நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் மழைக்காலந்தோறும் பொங்கும் நுரையைக் கண்டு உழவர்கள் கவலைகொள்வது செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. மாநில எல்லை நீருக்குத் தெரியாது, பறவைக்கும் தெரியாது.

நாணலும் ஒரு சுத்திகரிப்பு நிலையமே

ஜக்கூரில் நிகழ்வது என்ன? நிலையத்தினுள் கழிவுநீரில் காற்று செலுத்தப்படுகிறது. காற்றைப் பெற்றுப் பெருகும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களை உண்டு தீர்க்கின்றன. பின்னர் கசடு படியவிடப்பட்டு, தெளிந்த நீர் பிரிக்கப்படுகிறது. இது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு. நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். துர்நாற்றமும் பெரும்பாலும் நீங்கியிருக்கும். ஆயினும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கணிசமாக எஞ்சியிருக்கும். பயிருக்கு உரமாகும் அதே சத்துகள் ஏரிக்குள் சென்றால் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரமாகின்றன. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைகிறது, மீன்கள் மிதக்கின்றன. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் அவ்வாறு மீன்கள் செத்து மிதந்ததை அப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஜக்கூரின் சிறப்பு அடுத்த படியில் உள்ளது. நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் நேரே ஏரிக்குள் புகுவதில்லை. சம்பங்கோரையும் பிற நீர்த்தாவரங்களும் அடர்ந்த சில ஏக்கர் சதுப்பினூடே மெல்ல ஊர்ந்து செல்கிறது. தாவரங்களின் வேர்கள் சத்துகளை உறிஞ்சுகின்றன, வேர்களைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள் எஞ்சியவற்றைச் சிதைக்கின்றன, மண்டி படிகிறது. மின்சாரம் தேவையில்லை. இந்திய அறிவியல் கழகத்தின் ஈரநில ஆய்வுக் குழுவும், பெங்களூருவில் இயங்கும் அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையும் இவ்வமைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளன. அவை சுட்டும் நிபந்தனை ஒன்று உண்டு. சத்துகளை உண்டு கொழுத்த கோரைகளைக் காலந்தவறாமல் அறுத்து வெளியேற்ற வேண்டும். இல்லையேல் அவை அங்கேயே மட்கி, உண்டதையெல்லாம் நீருக்கே திருப்பித் தந்துவிடும். கட்டும்போது காட்டும் ஆர்வத்தைப் பராமரிப்பில் காட்டாத நம் வழக்கம் இங்கும் தலைகாட்டாமலிருக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

ஜக்கூரின் முறை சிறிய அளவிலானது. பெரிய அளவில் நிகழ்வது கோலாரில். கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் நிலையங்களில் சுத்திகரிக்கப்படும் நீரில் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டரைக் கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களின் ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018 ஜூனில் தொடங்கியது. லட்சுமிசாகர ஏரி முதலில் நிரம்பியது. ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டி ஏமாந்த ஊர்களில் நிலத்தடி நீர் மட்டம் ஏறியது. அடுத்த மாதமே கால்வாயில் நுரை தோன்றவே, வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதுமா, மூன்றாம் நிலையும் வேண்டுமா என்ற வினா அங்கு இன்றும் ஓயவில்லை.

அவ்வினாவுக்கு விதிகளிலும் ஒரு விடை உண்டு. கழிவுநீரில் எஞ்சும் கரிம மாசை, அதைச் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வளியின் அளவால் மதிப்பிடுவர். பெருநகரங்களில் அவ்வளவு லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அதை 10 மில்லிகிராமாகக் குறைக்க ஆணையிட்டதோடு, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கும் வரம்பு விதிக்க வேண்டும் என்றது.

தொழில்நுட்பம் அதற்கு ஆயத்தமாகவே உள்ளது. மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வுகள், புற ஊதா ஒளி, ஓசோன் ஆகியவற்றின் துணையால் கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்கே உயர்த்த முடியும். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதலே அவ்வாறு செய்து வருகிறது. சிங்கப்பூர் 2003 முதல் ‘நியூவாட்டர்’ என்னும் பெயரில் அதை வழங்குகிறது. பெங்களூருவிலும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் சூர்யசாரதி போஸ் தலைமையிலான குழு 2024-ல் ஒரு கூழ்மப் பொருளை அறிமுகப்படுத்தியது. நீரிலுள்ள நுண்நெகிழித் துகள்களை அது பற்றிக்கொள்கிறது. அதனுள் பொதிந்த செம்பு கலந்த நுண்திரள்கள் புற ஊதா ஒளி பட்டவுடன் அத்துகள்களைச் சிதைக்கின்றன. சோதனையில் இருவகை நுண்நெகிழிகளில் ஏறத்தாழ 95, 93 விழுக்காடு நீங்கியதாக அக்குழு அறிவித்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் தலப்பில் பிரதீப் உருவாக்கிய நுண்பொருள் வடிகட்டிகள் ஆய்வகத்தைத் தாண்டி, ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைத் தெளிவிக்கும் பணியில் ஊர்களுக்கே சென்றுவிட்டன.

வலசையின் தடம்

தூய்மைப்படுத்திய நீரை ஏரியில் விட்ட பிறகு அங்கு யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று அறியும் கலை, நீரியலைப் போலவே விரைந்து வளர்ந்திருக்கிறது. தொடக்கம் எளியது. பறவையின் காலில் எண் பொறித்த வளையம் ஒன்றை மாட்டிப் பறக்கவிட்டு, உலகின் வேறொரு மூலையில் யாரேனும் அதைக் கண்டெடுத்துத் தெரிவிப்பார்கள் என்று காத்திருப்பது. சலீம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு அவ்வாறு வளையமிட்டது. வளையமிட்டவற்றுள் மீண்டும் தகவல் கிடைப்பது மிகச் சில. ஆயினும் கோடியக்கரையை உலக வலசைப் பாதையின் வரைபடத்தில் நிறுத்தியது அந்தப் பொறுமையே.

இன்றைய கருவி சூரிய ஒளியில் இயங்குகிறது. செயற்கைக்கோள் துணையோடு தன் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, கைப்பேசி அலை கிடைக்கும் இடத்துக்கு வந்தவுடன் சேமித்ததையெல்லாம் அனுப்பிவிடுகிறது. கருவியின் எடை பறவையின் எடையில் மூன்று விழுக்காட்டுக்கு மிகாதிருப்பது நல்லது என்பது ஆய்வாளர்கள் பின்பற்றும் பொது நெறி. இந்திய வனவுயிர் நிறுவனத்தின் துணையோடு 2013-ல் நாகாலாந்தில் மூன்று அமூர் வல்லூறுகளுக்குக் கருவி பொருத்தப்பட்டது. புறாவினும் சிறிய அப்பறவைகள் இந்தியத் தீபகற்பத்தையும் அரபிக்கடலையும் கடந்து ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை சென்றதை உலகம் திரையில் கண்டது. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘பாங்டி’. முந்திய ஆண்டு வரை வல்லூறுகள் வலைவீசிப் பிடிக்கப்பட்ட ஊரின் பெயரே அது.

தென்னாட்டோடு நெருங்கிய தொடர்புடையது வரித்தலை வாத்தின் கதை. 2008-ல் திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்திலும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் மங்கோலியாவிலும் பிடிக்கப்பட்ட இவ்வாத்துகளுக்குக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2011-ல் வெளியான ஆய்வு, அவை வால்புறக் காற்றின் உதவியை நாடாமல், இரவிலும் விடியலிலும் நிலவும் குளிர்ந்த அடர்காற்றில் சில மணி நேரத்தில் இமயத்தின் மீது ஏறுகின்றன என்று காட்டியது. பின்னர் நிகழ்ந்த ஆய்வில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாயிற்று. கர்நாடகத்தில் கதக் மாவட்டத்தின் மாகடி ஏரி இவ்வாத்துகளின் பெரும் குளிர்கால முகாம். 2024-ல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மைசூரு வட்டாரத்து ஏரிகளில், மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துகளைப் பறவை நோக்கர்கள் தொலைநோக்கியால் படித்து அறிந்துள்ளனர்.

பறவை தரும் சான்றிதழ்

பறவைகள் வந்துவிட்டன, ஆகவே ஏரி தூய்மையாகிவிட்டது என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அம்முடிவு அவசரமானது. மும்பையின் பாண்டுப் கழிவுநீர் இறைப்பு நிலையத்தை அடுத்த சதுப்பில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கருவி பொருத்திய ‘பாலா’ என்னும் கருவால் மூக்கன், சைபீரியா வரை பறந்து சென்று மும்பைக்கே திரும்பி வந்தது. நகரக் கழிவின் சத்துகள் கலந்த அச்சதுப்பின் சேறு அப்பறவைக்கு விருந்து மேசை. நம் தட்டைவாயனும் அப்படியே. படிகம் போன்ற நீரில் அதற்கு உண்ண ஒன்றுமில்லை. ஆனால் அளவு மீறினால் விருந்து நஞ்சாகும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் பாக்டீரிய நச்சால் வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

பறவை உண்மையில் சான்றளிப்பது வேறொன்றுக்கு: நீரின் ஆழத்துக்கு. தட்டைவாயன், நீலச்சிறகி, ஊசிவால் போன்ற வாத்துகள் மூழ்கி இரை தேடுவதில்லை. தலையைக் கவிழ்த்து எட்டும் ஆழத்தில், ஒரு சாண் இரு சாண் நீரில் மேய்பவை. உள்ளான்களுக்கோ விரற்கடை அளவு நீரும் ஈரச் சேறும் வேண்டும். பழைய பாசன ஏரிகளில் இது தானாகவே அமைந்தது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி, மதகு திறந்து வயலுக்குப் பாயப் பாய, தை மாசியில் ஓரங்களில் சேறு தெரியும். வலசைப் பறவைகள் உண்டு கொழுத்து ஊர் திரும்பவேண்டிய காலமும் அதுவே.

இன்று என்ன நிகழ்கிறது? நகரத்து ஏரிகளைப் புதுப்பிக்கும்போது தூர்வாரி ஆழப்படுத்தி, சரிவான கரையை அகற்றிச் செங்குத்தாகக் கல் பதித்து, சுற்றிலும் நடைபாதை அமைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் சுத்திகரித்த நீர் வந்து கொண்டேயிருக்கிறது. கோலார்த் திட்ட ஏரிகளின் நீர் நிலத்தடி நீரைப் பெருக்குவதற்கே அன்றி நேரடிப் பாசனத்துக்கு அன்று. ஆகவே ஏரி விளிம்புவரை தளும்பியே நிற்கிறது. காண இனிய காட்சிதான். கூழைக்கடாவும் நீர்க்காகமும் மகிழும். உள்ளானுக்குக் கால்வைக்க இடமில்லை. முப்பதாயிரம் பறவை நோக்கர்களின் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டு 2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, தட்டைவாயன், ஊசிவால் உள்ளிட்ட வலசை வாத்துகள் குறைந்து வருவதாகத் தெரிவிக்கிறது. அதற்கு ஏரிகளின் ஆழத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. எனினும் நம் கையில் உள்ள காரணம் இது ஒன்று.

ஏரிக்குள் எவ்வளவு நீர் எப்போது வரவேண்டும் என்பதை இப்போது மேகம் முடிவு செய்வதில்லை; வால்வைத் திருப்பும் பொறியாளர் முடிவு செய்கிறார். பறவைகள் எந்த மாதத்தில் இறங்குகின்றன, எந்த மாதத்தில் கிளம்புகின்றன என்பதைக் கருவிகளும் கணக்கெடுப்புகளும் தெரிவிக்கின்றன. இவ்விரு கணக்குகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, மார்கழி முதல் பங்குனி வரை சில ஏரிகளிலாவது நீர்மட்டத்தை ஓரிரு அடி தாழ்த்தி வைப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. புதுப்பிக்கும்போதே ஒரு கரையைச் சரிவாக விட்டுவைத்தாலும் போதும். செலவும் குறையும்.

இல்லங்களிலிருந்து செய்யக்கூடியவையும் சில உள்ளன. பாஸ்பேட் கலவாத சலவைப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய அடுக்ககங்களில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது பெங்களூருவில் கட்டாயம். உங்கள் அடுக்ககத்தின் நிலையம் நாள்தோறும் இயங்குகிறதா, நீர்ப் பரிசோதனை அறிக்கை குடியிருப்போர் கூட்டத்தில் வைக்கப்படுகிறதா என்று கேட்கலாம். மின்கட்டணத்தை மிச்சப்படுத்தக் காற்றுச் செலுத்தியை நிறுத்திவைக்கும் அடுக்ககங்களில், நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே செயலிழக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் உள்ளவர்கள் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்கலாம். கால் மணி நேரம் போதும்.

ஏரிக்கரையில் வளையமோ வண்ணக்கொடியோ கழுத்துப்பட்டையோ அணிந்த பறவையைக் கண்டால் அதை விரட்டாமல் நின்று, பட்டையின் நிறம், அதிலுள்ள எழுத்தும் எண்ணும், அது வலக்காலிலா இடக்காலிலா என்பது, இடம், நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படம் மங்கலாக இருந்தாலும் குற்றமில்லை. இவ்விவரங்களைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினால், அப்பறவைக்கு எங்கே, எந்த ஆண்டில் பட்டை அணிவிக்கப்பட்டது என்பதைக் கண்டறிய வழியுண்டு.